மக்கும் பிளாஸ்டிக்கை மக்க வைப்பது யார்?

கான்பூரில் குப்பை கொட்டும் தமிழர்களுக்கு ஜாஜ்மவ் வாசனையை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கங்கைக் கரையோரம் வரிசையாகத் தோல் பதனிடும் ஆலைகள். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கத்து ஆட்கள் என்றால் "நம்ம ஊர் வாசனைதான் சார்" என்று சாதாரணமாகச் சொல்லிவிடுவார்கள். என்னைப் போன்ற தஞ்சாவூர்க்காரர்களுக்குத்தான் முதல் ஆறு மாதம் கைக்குட்டையும் கையுமாகப் போகும். அந்தப் பக்கக் கிளையில் மூன்று வருடம் இருந்தபோது தோல் ஆலைகளின் ஸ்டாக் ஸ்டேட்மென்டைச் சரிபார்க்கப் போய்ப் போய், தோல் எப்படிப் பதனாகிறது என்ற பாடம் ஓசியில் கிடைத்தது. இன்றைக்கு எழுத வந்தது தோலைப் பற்றி அல்ல, மக்கும் பிளாஸ்டிக்கைப் பற்றி. ஆனால் கதை தோலில்தான் ஆரம்பிக்கிறது. பொறுமையாகப் படியுங்கள், பதிவு கொஞ்சம் நீளம்.

முடி எடுத்துச் சுண்ணாம்பில் ஊறிய தோல் விறைப்பாக இருக்கும். அதை மெத்தென்று ஆக்க ஐரோப்பாவில் நூற்றுக்கணக்கான வருடங்களாகப் பயன்படுத்திய பொருள் என்ன தெரியுமா? நாய்க் கழிவு. (சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்கள் மன்னிக்கவும்.) தெருத்தெருவாக அதைப் பொறுக்கி ஆலைகளுக்கு விற்றே பிழைத்தவர்கள் லண்டனில் இருந்தார்கள். அதில் என்ன இருக்கிறது, ஏன் தோல் மென்மையாகிறது என்று யாருக்கும் தெரியாது. பாட்டன் செய்தான், பேரனும் செய்தான்.

ஓட்டோ ரோம் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் இதைக் குடைந்தார். தோலை மென்மையாக்குவது அந்த அசிங்கம் அல்ல, அதிலிருக்கும் செரிமான நொதிகள் என்று கண்டுகொண்டார். அதே நொதிகள் இறைச்சிக் கூடத்தில் வீணாகும் கணையத்திலும் இருக்கின்றன. கணையத்திலிருந்து எடுத்து 1907-இல் 'ஒரோபோன்' என்ற பெயரில் விற்க ஆரம்பித்தார். ஓட்டோ ஹாஸ் என்ற நண்பரோடு சேர்ந்து அந்த வருடமே கம்பெனியும் தொடங்கினார். ரோம் அண்ட் ஹாஸ் என்ற பெயர் கணக்குப் பார்ப்பவர்கள் சிலருக்காவது பரிச்சயமாக இருக்கும். அதே 1907-இல்தான், உயிருள்ள செல் இல்லாமலே ஈஸ்ட்டின் சாறு மட்டும் சர்க்கரையை நொதிக்க வைக்கும் என்று காட்டிய எட்வர்ட் புக்னருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

எனக்கு இதில் பிடித்த விஷயம் வேறு. இந்த ஓட்டோ ரோம் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ந்தது அக்ரிலிக் பொருட்களை. 1933-இல் அவர் கம்பெனி சந்தைக்குக் கொண்டுவந்தது பிளெக்ஸிகிளாஸ், அதாவது கண்ணாடி போன்ற பிளாஸ்டிக். நொதியைத் தொழிற்சாலைக்குக் கொண்டுவந்தவரும், உடையாத, அழுகாத பிளாஸ்டிக் பலகையைக் கொடுத்தவரும் ஒரே ஆள்! ஒரு கையில் எதையும் வெட்டும் கத்தரி, இன்னொரு கையில் எந்தக் கத்தரிக்கும் மசியாத பொருள். இரண்டையும் சேர்த்து வைத்து யோசிக்க அவருக்கு அப்போது அவசியம் இருக்கவில்லை. அவசியம் வர இன்னும் அரை நூற்றாண்டு ஆயிற்று.

நொதி, அதாவது என்சைம், என்ன செய்கிறது என்பதை பி.காம். படித்த என் அறிவுக்கு எட்டியவரை சொல்கிறேன். (வேதியியல் படித்தவர்கள் பல்லைக் கடித்துக்கொள்ளவும்.) எங்கள் வங்கியில் ஒரு கோப்பு மேஜைக்கு மேஜை நகர்ந்து முடிவாக வேண்டும். விதிப்படி அது நகரத்தான் வேண்டும், ஆனால் தானாக நகர்ந்தால் பத்து வருடம் ஆகும். நல்ல ஹெட் கிளார்க் ஒருவர் இருந்தால் பத்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். முடிந்ததும் அவர் அடுத்த கோப்பை எடுப்பார். அவர் தேய்ந்து போவதில்லை. நொதியும் அதே ஜாதிதான். இயற்கையில் தானாகவே நடக்கக்கூடிய ஒரு வேலையை, தான் செலவாகாமல், லட்சம் மடங்கு வேகமாக்கிக் கொடுக்கும். ஒவ்வொரு ஹெட் கிளார்க்குக்கும் ஒரு செக்‌ஷன்தான் என்பது போல ஒவ்வொரு நொதிக்கும் ஒரு வேலைதான். மாவுச்சத்தை வெட்டுவது கொழுப்பைத் தொடாது.

பிளாஸ்டிக் என்றால் நீண்ட சங்கிலி. பாலித்தீன் பையின் சங்கிலியில் கரியும் கரியும் நேராகக் கோத்திருக்கும். அந்த முடிச்சை வெட்ட இயற்கையில் சுலபமான கத்தரி கிடையாது. ஆனால் சில பிளாஸ்டிக்குகளில் கண்ணிக்குக் கண்ணி நடுவே எஸ்டர் என்ற முடிச்சு இருக்கும். அவற்றுக்குப் பாலியெஸ்டர் என்று பெயர். தேங்காயெண்ணெயிலும் நெய்யிலும் இருப்பது இதே எஸ்டர் முடிச்சுதான். நம் வயிறு தினம் அதை வெட்டுகிறது. அப்படியானால் பாலியெஸ்டரையும் வெட்டலாம் அல்லவா? மக்கும் பிளாஸ்டிக்கின் வரலாறு மொத்தமும் இந்தக் கேள்விக்குள் அடங்கிவிடும்.

உண்மையில் பாலியெஸ்டர் மனிதன் கண்டுபிடித்த பொருளே அல்ல. கத்தரிக்காய் மேலே தண்ணீர் ஒட்டாமல் உருண்டு ஓடுகிறதே, மாவிலை பளபளக்கிறதே, அந்த மேல்தோலில் இருப்பது க்யூட்டின் என்னும் இயற்கைப் பாலியெஸ்டர். செடிக்கு அது ரெயின்கோட். பூஞ்சைக்கு அது பூட்டிய கதவு. கதவைத் திறக்கப் பூஞ்சை வைத்திருக்கும் சாவிக்குக் க்யூட்டினேஸ் என்று பெயர். 1970களில் அமெரிக்காவின் வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் இந்த நொதியைப் பிரித்தெடுத்து ஆராய்ந்தவர் பி.இ. கொலாட்டுக்குடி, கேரளத்துக்காரர். அவர் குழுவின் பப்பாளிச் சோதனை பிரமாதமானது. காயம் பட்ட பப்பாளிக்குள் மட்டுமே நுழையத் தெரிந்த ஒரு பூஞ்சைக்குள் க்யூட்டினேஸ் மரபணுவைச் சேர்த்தார்கள். உடனே அது காயமே இல்லாத முழுப் பப்பாளியையும் தாக்கியது! 1989-இல் இது வெளிவந்தது. அவர்கள் ஆராய்ந்தது பயிர் நோயைத்தான். பிளாஸ்டிக் யார் கனவிலும் இல்லை. 1996-இல் வேறொரு குழு, பாலிகாப்ரோலாக்டோன் என்ற பிளாஸ்டிக்கைத் தின்னும் ஒரு பூஞ்சை எந்த நொதியைப் பயன்படுத்துகிறது என்று தேடிப்போய்ப் பார்த்தால், அதே க்யூட்டினேஸ். பழத்தோலைத் திறக்கும் சாவி பிளாஸ்டிக்கையும் திறந்தது. இன்று பிளாஸ்டிக் மறுசுழற்சியில் அடிபடும் பெரிய நொதிகள் பலவும் இந்தக் குடும்பத்துப் பிள்ளைகள்தான்.

இன்னொரு இயற்கைப் பாலியெஸ்டரைக் கண்டவர் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தின் மொரீஸ் லெமோயின். 1920களின் நடுவில், மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியா தன் உடம்புக்குள் சின்னச் சின்ன மணிகளாக ஒரு பொருளைச் சேர்த்து வைத்திருப்பதைப் பார்த்து, அது என்ன என்று 1926-இல் விளக்கினார். சுருக்கமாக பிஹெச்பி. சாப்பாடு நிறையக் கிடைக்கும்போது பாக்டீரியா இதைச் சேர்க்கும், பஞ்சம் வந்தால் எடுத்துச் சாப்பிடும். எங்கள் பாஷையில் ஃபிக்ஸட் டெபாசிட். உடைத்து எடுப்பதற்கான நொதியையும் பாக்டீரியா சொந்தமாக வைத்திருக்கிறது. பிரிமெச்சூர் க்ளோஷருக்கு மேனேஜர் கையெழுத்தெல்லாம் வேண்டாம்!

அந்த டெபாசிட்டைப் பிரித்தெடுத்தால் கெட்டியான பிளாஸ்டிக் கிடைக்கிறது. அதை வைத்து வியாபாரம் செய்யலாம் என்று 1970களின் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு பிரிட்டனின் ஐ.சி.ஐ. இறங்கியது. 'பயோபால்' என்று பெயர் வைத்தார்கள். 1990-இல் ஜெர்மனியில் வெல்லா கம்பெனி ஷாம்பூவை இந்தப் பாட்டிலில் அடைத்து விற்றது. பத்திரிகைகள் கொண்டாடின. ஆனால் விலை? சாதாரண பிளாஸ்டிக்கைப் போலப் பல மடங்கு. 1996-இல் மான்சான்டோ வாங்கியது, பத்தாண்டு முடிவதற்குள் கைகழுவியது. மக்கும் பிளாஸ்டிக் என்றால் லாபம் மக்கும் பிளாஸ்டிக் என்று அப்போது யாராவது ஜோக் அடித்திருந்தால் ஆச்சரியமில்லை.

இப்போது நாம் கையில் பிடிக்கும் மக்கும் கப்புக்கு வருவோம். அது பெரும்பாலும் பிஎல்ஏ, பாலிலாக்டிக் அமிலம். லாக்டிக் அமிலம் என்பது தயிரின் புளிப்பு. அதைச் சங்கிலியாகக் கோத்தால் பிளாஸ்டிக். நைலானைக் கொடுத்த வாலஸ் கரோதர்ஸ் 1932-லேயே டுபாண்ட் கம்பெனியில் இதைச் செய்து பார்த்தார். ஆனால் ஈரம் பட்டால் சங்கிலி மெல்ல மெல்ல அறுந்தது. துணிக்கும் சாமானுக்கும் இது உதவாது என்று ஓரமாகப் போய்விட்டது.

ஓரமாகப் போனதை எடுத்துக்கொண்டவர்கள் அறுவை மருத்துவர்கள். அதுவரை உடம்புக்குள் கரையும் தையல் என்றால் ஆட்டுக் குடலிலோ மாட்டுக் குடலிலோ செய்த கேட்கட். நம் உடம்பின் நொதிகள் அதைத் தின்று தீர்க்கும். சிக்கல் என்னவென்றால், ஒருவர் உடம்பில் சீக்கிரம் கரையும், இன்னொருவருக்கு இழுத்துக்கொண்டே போகும், புண் வீங்கும். நொதியை நம்பாமல் வெறும் தண்ணீரால் கணக்காகக் கரையும் நூல் வேண்டுமென்று தேடினார்கள். 1970-ஐ ஒட்டி டெக்ஸான் வந்தது. 1974-இல் வந்த விக்ரில், லாக்டிக் அமிலத்தின் உறவுகள் கலந்தது. சிசேரியன் ஆன பிறகு "தையல் பிரிக்க வரவேண்டாம்மா, தானே கரைஞ்சிடும்" என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்களே, அந்தப் பெண்மணிகள் எல்லோரும் மக்கும் பிளாஸ்டிக்கை உடம்பிலேயே மக்க வைத்தவர்கள்தான். ஆக, இந்தப் பொருள் வியாபாரத்துக்கு வந்ததே நொதியிடமிருந்து தப்பிக்கத்தான். இதே பொருளுக்கு நொதி தேடி இன்னொரு கூட்டம் அலைய வேண்டியிருந்தது என்பது காலத்தின் குறும்பு.

அந்தத் தேடலில் மைல்கல் என்று நான் நினைப்பது 1977. ஜப்பானின் யுடாகா டோகிவாவும் டோமூ சுசுகியும் நேச்சர் இதழில் ஒரு சின்னக் கட்டுரை எழுதினார்கள். கொழுப்பை வெட்டும் லைபேஸ் நொதி, தொழிற்சாலையில் செய்த பாலியெஸ்டரையும் வெட்டுகிறது என்றார்கள். மனிதன் செய்த சங்கிலியை, அதைக் கண்ணாலும் பார்த்திராத ஒரு நொதி அடையாளம் கண்டு வெட்டியது! ஆனால் பிஎல்ஏ-வை லைபேஸ் சரியாகத் தொடவில்லை. 1981-இல் இங்கிலாந்தின் லிவர்பூலில் டி.எஃப். வில்லியம்ஸ், உடம்புக்குள் வைக்கும் பொருட்களைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தபோது, புரோட்டினேஸ் கே என்ற நொதி பிஎல்ஏ-வை வெட்டுவதைக் கண்டார். இது கொழுப்பை வெட்டுவது அல்ல, புரதத்தை வெட்டுவது. 1974-இல் ஒரு பூஞ்சையிலிருந்து பிரித்தது. கே என்பது கெரட்டின், அதாவது முடி, நகத்தின் புரதம். முடியைச் செரிக்கும் அளவுக்குப் பசி உள்ள நொதி.

புரதம் வெட்டும் கத்தரிக்குப் பிளாஸ்டிக்கில் என்ன வேலை? விடை நம் வீட்டுப் பீரோவில் இருக்கிறது. பட்டின் புரதத்தில் அலனைன் என்ற கண்ணி நிறைய. அலனைனும் லாக்டிக் அமிலமும் உருவத்தில் ஒன்றுவிட்ட அண்ணன் தம்பி. நொதி பிஎல்ஏ-வைப் பட்டு என்று நினைத்து வெட்டுகிறது. 1997-இல் டோகிவாவோடு ஜப்பானில் ஆராய்ந்த இந்தோனேசியர் ஹர்தானிங் ப்ரனமுதா, பிஎல்ஏ-வைத் தின்னும் அமைக்கோலடாப்சிஸ் என்ற நுண்ணுயிரியை மண்ணிலிருந்து பிரித்தார். அந்த வகையறாவுக்குப் பட்டும் ருசிக்கும் என்று பின்னால் தெரிந்தது. காஞ்சிபுரம் பட்டைப் பூச்சி அரிக்கும் கவலையோடு இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டாம், அது ஈர மண்ணில் நடக்கும் விவகாரம்.

அதே 1997-இல் அமெரிக்காவில் கார்கில் கம்பெனியும் டவ் கம்பெனியும் கைகோத்தன. 2002-இல் நெப்ராஸ்கா மாநிலத்தின் பிளேர் என்ற ஊரில் ஆண்டுக்கு 1,40,000 டன் பிஎல்ஏ செய்யும் ஆலை ஓட ஆரம்பித்தது. மூலப்பொருள் மக்காச்சோளத்தின் சர்க்கரை. அங்கிருந்துதான் கப், மூடி, தட்டு, டீ பை எல்லாம் உலகத்துக்குப் போயின.

இங்கே எங்கள் குடியிருப்புக் கதையைச் சொல்லியாக வேண்டும். நாங்கள் இருபது சொச்சம் தமிழ்க் குடும்பங்கள். வருடா வருடம் பொங்கலுக்கு மொட்டை மாடியில் சேர்ந்து சமைப்போம். இரண்டு வருடம் முன்னால் பாயசத்துக்கு "100 சதவீதம் மக்கும்" என்று பச்சை எழுத்தில் போட்ட கப் வாங்கி வந்தார்கள். சப்ளையர் பெயர் வேண்டாம். விலை சாதாரணக் கப்பைப் போல இரண்டரை மடங்கு. கப்பையெல்லாம் பத்திரமாகக் குடியிருப்பின் உரக்குழியில் போட்டோம். அடுத்த பொங்கலுக்கு உரம் எடுக்கக் குழியைக் கிளறினால் வாழையிலை இல்லை, காய்த்தோல் இல்லை, கரும்புச் சக்கை பாதி இல்லை. கப்புகள் மட்டும் கழுவினால் மறுபடி பாயசம் ஊற்றலாம் என்கிற மாதிரி இருந்தன. எதிர் ஃப்ளாட் மாமி ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "ஏன் சார், நீங்க பேங்க்ல இருக்கேளே, எல்லாத்துக்கும் மெச்சூரிட்டி டேட் போடுவேளே, இது எப்போ மக்கும்? என் பேரன் கல்யாணத்துக்குள்ள மக்குமா?"

சப்ளையரைக் கேட்டால் சான்றிதழின் நகலை நீட்டினார். அதில் பொய் ஒன்றும் இல்லை. சான்றிதழ் கொடுக்கும் சோதனை 58 டிகிரி வெப்பத்தில் நடக்கிறது. அந்தச் சூட்டில், ஈரத்தில், ஆறு மாதத்துக்குள் பொருளின் கரியில் 90 சதவீதம் கரியமில வாயுவாக மாற வேண்டும். லாரி லாரியாகக் குப்பை குவித்துக் கிளறும் பெரிய உரக்கிடங்கில் அந்தச் சூடு தானே வரும். பிஎல்ஏ-வின் சங்கிலிகள் 55, 60 டிகிரி வரை விறைத்து நெருக்கி நிற்கும். அதற்கு மேலே போனால்தான் இளகும், தண்ணீர் உள்ளே புகுந்து அறுக்கும், அறுந்த துண்டுகளைத்தான் நுண்ணுயிர்கள் தின்னும். நாலடிக் குழியில், ஜனவரிக் கான்பூரில், ஐந்தாறு டிகிரியில் சங்கிலி எங்கே இளகுவது? கடலிலும் ஆற்றிலும் இதே கதி. மக்கும் என்ற சொல்லுக்குப் பின்னால் "எங்கே, எவ்வளவு சூட்டில்" என்பதும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கப்பில் அதற்கு இடம் இல்லை போலும்.

இன்னொரு வம்பும் உண்டு. பிஎல்ஏ பாட்டிலும் சாதாரண பெட் பாட்டிலும் பார்வைக்கு ஒன்றுதான். இரண்டும் தண்ணீரில் மூழ்கும். பெட் உருக 250 டிகிரி வேண்டும். அந்தச் சூட்டில் இடையில் மாட்டிய பிஎல்ஏ கருகி முழுச் சரக்கையும் கெடுக்கும். பழைய பாட்டில் வாங்கி உருக்கும் வியாபாரிகள் மக்கும் பிளாஸ்டிக்கைத் திட்டுவதற்குக் காரணம் இதுதான். நல்லது செய்ய வந்தவன் ஏற்கெனவே நடக்கும் நல்லதைக் கெடுக்கிறான்.

மக்காத பெட் பக்கம் நொதி ஆராய்ச்சி வேகமாக ஓடியது தனிக்கதை. 2005-இல் ஜெர்மனியின் ரால்ஃப் யோகிம் முல்லர் குழு பெட்டை வெட்டும் நொதியைக் காட்டியது. 2012-இல் ஜப்பானில் இலைக்குப்பை உரத்திலிருந்து எல்சிசி என்ற க்யூட்டினேஸ் கிடைத்தது. 2016-இல் சக்காய் நகரில் பெட்டையே தின்று வாழும் பாக்டீரியா அகப்பட்டுப் பத்திரிகை எல்லாம் ஓடியது. 2020-இல் பிரான்சின் கார்பியோஸ் கம்பெனியும் துலூஸ் விஞ்ஞானிகளும் எல்சிசி-யைத் திருத்தி, 72 டிகிரியில் 10 மணி நேரத்தில் பெட்டில் 90 சதவீதத்தை மூலப்பொருளாகப் பிரித்தார்கள். அதற்கு மேல் அதில் நிற்கவில்லை, நம் கப்புக்கு வருகிறேன்.

கப்புக்கு நொதியை வெளியிலிருந்து ஊற்றினால் மேற்பரப்பைத்தான் சுரண்டும். உள்ளேயே வைத்துவிட்டால்? பாலுக்குள் உறை மோர் ஊற்றி வைக்கிற மாதிரி. சொல்வது எளிது. பிளாஸ்டிக்கை 150, 170 டிகிரியில் உருக்கித்தான் வார்க்கிறார்கள். நொதி ஒரு புரதம், முட்டை வெந்து போவது போல வெந்து போகும். தப்பித் தவறிப் பிழைத்தாலும் கடையில் அடுக்கி வைத்திருக்கும்போதே வேலையை ஆரம்பித்துவிட்டால் பாயசம் மடியில்தான்.

2021 ஏப்ரலில் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் டிங் ஷூ என்ற பேராசிரியையின் குழு வழி காட்டியது. நொதிக்கு மேலே பொருத்தமான ஒரு பாலிமர் போர்வையைப் போர்த்தி, பிளாஸ்டிக்குக்குள் மிக நுண்ணிய துளிகளாகப் பரப்பினார்கள். எடையில் இரண்டு சதவீதத்துக்கும் குறைவான நொதி. பாலிகாப்ரோலாக்டோன் 40 டிகிரியில் இரண்டே நாளில் கரைந்தது. பிஎல்ஏ 50 டிகிரி உரத்தில் ஆறு நாளில். அவர்கள் கவனித்த இன்னொரு விஷயம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. சில நொதிகள் சங்கிலியைக் கண்ட இடத்தில் வெட்டும், நடுவில் நிறுத்தினால் பொடிப் பிளாஸ்டிக் மிஞ்சும். வேறு சில ஒரு முனையைப் பிடித்துக் கடைசி வரை மென்றுகொண்டே போகும், மிச்சம் இல்லை. மக்கும் என்று சொல்லிக் கண்ணுக்குத் தெரியாத துணுக்காக மண்ணில் கலப்பதுதான் நாம் பயப்பட வேண்டியது.

2024 ஜூலையில் துலூஸ், கார்பியோஸ் கூட்டணி நேச்சரில் அடுத்த அடியை வெளியிட்டது. சூடு தாங்கும்படி நொதியை மாற்றியமைத்து, 60 டிகிரியிலேயே உருகும் பாலிகாப்ரோலாக்டோனில் முதலில் கலந்து, அந்தக் கலவையைப் பிறகு உருகிய பிஎல்ஏ-வில் சேர்த்தார்கள். நொதியின் அளவு வெறும் 0.02 சதவீதம். சமையலில் பெருங்காயம் மாதிரி. வீட்டு உரக்குழிச் சூட்டிலேயே 20 முதல் 24 வாரத்தில் சிதைந்தது. எதிர் ஃப்ளாட் மாமிக்கு இதைச் சொன்னேன். "அப்போ அந்தக் கப்பை வாங்கியிருக்கணும்" என்றார். ஞாயம்தானே!

ஆனால் கணக்குப் படித்தவனுக்கு இங்கே ஒரு நெருடல். மக்கிப் போனால் என்ன மிஞ்சுகிறது? கரியமில வாயு, தண்ணீர், கொஞ்சம் நுண்ணுயிர். நைட்ரஜன் இல்லை, பாஸ்பரஸ் இல்லை, செடிக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. வயல், உரம், தண்ணீர், சர்க்கரை, நொதிப்புத் தொட்டி என்று இத்தனை முதல் போட்டுச் செய்த லாக்டிக் அமிலத்தை ஒரு பாயசத்துக்குப் பிறகு காற்றில் விடுகிறோம். எங்கள் பாஷையில் இது ரைட் ஆஃப். அதே நொதியைத் தொட்டியில் வைத்து, பழைய கப்பை வெட்டி, லாக்டிக் அமிலத்தைத் திரும்ப எடுத்து மறுபடி பிளாஸ்டிக் செய்தால் அது ரெகவரி. நொதி ஆள் பார்த்து வெட்டும் என்பதால், கலந்து கிடக்கும் குப்பையில் பிஎல்ஏ-வை மட்டும் கரைத்துப் பெட்டை விட்டுவைக்கவும் முடியும். பாட்டில் வியாபாரியின் சண்டைக்கும் அதில் மருந்து இருக்கிறது.

ஏன் எல்லோரும் அதைச் செய்யவில்லை? வெட்ட வெட்ட அமிலம் சேர்ந்து தொட்டி புளித்துவிடும், நொதி சோர்ந்துவிடும். காரம் ஊற்றிச் சமன் செய்தால் உப்பு சேரும், அதைப் பிரிக்கச் செலவு. பழைய முறையில் புதிதாக லாக்டிக் அமிலம் செய்யும்போதே டன்னுக்கு ஒரு டன் ஜிப்சம் கழிவு விழுகிறது. அதைவிடப் பெரிய தடை சரக்கு. உலகில் ஆண்டுக்கு 40 கோடி டன்னுக்கு மேல் பிளாஸ்டிக் செய்கிறார்கள். தாவரத்திலிருந்து வருவது, மக்குவது எல்லாம் சேர்ந்து அதில் ஒரு சதவீதம்கூட இல்லை. ஊரெல்லாம் சிதறிக் கிடக்கும் அந்தச் சொற்பத்தைத் தனியாகப் பொறுக்கி ஆலை வாசலுக்குக் கொண்டுவருவது யார்? பெட் மாதிரி மலைமலையாகக் கிடைக்கும் சரக்குக்கே தடுமாற்றம்தான். கார்பியோஸ் பிரான்சின் லாங்லாவில்லில் ஆண்டுக்கு 50,000 டன் பெட் பிரிக்கும் ஆலைக்கு 2024-இல் அடிக்கல் நாட்டியது. அந்த ஆண்டு முடிவதற்குள், பணம் முழுதாகத் திரளவில்லை என்று கட்டுமானத்தைத் தள்ளிவைத்தது. விஞ்ஞானம் ஜெயித்த பிறகும் பாலன்ஸ் ஷீட் ஜெயிக்க வேண்டியிருக்கிறது.

நம் நாட்டில், தமிழகம் 2019 ஜனவரி முதல் ஒருமுறை எறியும் பிளாஸ்டிக் 14 வகையைத் தடை செய்ததும், மத்திய அரசு 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்க ஒரு பட்டியலைத் தடை செய்ததும் நினைவிருக்கும். உரமாக மக்கும் பிளாஸ்டிக்குக்கு மத்திய விதிகளில் சலுகை உண்டு. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றிதழ் வேண்டும். அதற்குப் பிறகு இங்கே மக்கும் பை தயாரிக்கும் சின்ன யூனிட்டுகள் நிறையக் கடன் கேட்டு வந்தன. ஒரு இளைஞர் கொண்டுவந்த பிராஜெக்ட் ரிப்போர்ட் நாற்பது பக்கம். இயந்திரம், மின்சாரம், மார்ஜின், சந்தை எல்லாம் அழகாக இருந்தது. "தம்பி, இந்தப் பை மக்குற 58 டிகிரிக் கிடங்கு உங்க பை விக்கிற ஊர்ல எங்க இருக்கு?" என்று இந்தியில் கேட்டேன். "சார், அது நகராட்சியோட வேலை இல்லையா?" என்றார். கடன் கொடுத்தோமா என்று கேட்காதீர்கள், வங்கி ரகசியம்.

இதெல்லாம் எங்கேயோ நெப்ராஸ்காவில் நடக்கும் கதை என்று இனி சொல்ல முடியாது. பல்ராம்பூர் சீனி மில்ஸ் 2024-இல், லக்கிம்பூர் கேரி மாவட்டத்தின் கும்பியில் கரும்பிலிருந்து பிஎல்ஏ செய்யும் ஆலையை அறிவித்தது. அறிவித்தபோது சொன்ன கணக்கு ஆண்டுக்கு 75,000 டன், முதலீடு சுமார் 2,000 கோடி ரூபாய். கரும்பு வயலும் சர்க்கரை ஆலையும் பிளாஸ்டிக் ஆலையும் ஒரே இடத்தில். இப்போது கரும்பு விவசாயிக்கும் இதில் ஒரு பங்கு வந்துவிட்டது. கப் விற்றால்தான் அவர் பில் பாஸாகும், கப் மக்காமல் கிடந்து பெயர் கெட்டால் அவருக்கும் அடி.

லக்னோ, சீதாப்பூர் பக்கம் இருக்கும் நண்பர்களுக்குத் தெரியும், கரும்பு சீசன் வந்தால் டிராலிகள் அந்தச் சாலையையே அடைத்துக்கொள்ளும். ஆலையை நோக்கிக் கரும்பு போகிற அதே சாலையில், பயன்படுத்திய கப்பை ஏற்றிக்கொண்டு ஆலைக்குத் திரும்பிப் போகிற டிராலி ஒன்றைப் பார்த்தீர்களானால் எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள்.